அம்மாவின் மளிகை நோட்டு



பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் போன் செய்தார். "சோழர் காலத்து ஏரிகளைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதைப் போன மலரிலேயே எழுதிட்டீங்க சார். இந்தத் தடவை வேற ஏதாவது..." என்று இழுத்தார். சரி, ஏரியை விட்டுவிட்டு அடுப்படிக்கு வருகிறேன். அடுப்படிக்கும் வரலாறு உண்டு. அதை எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தவர் நம் பேராசிரியர். கற்றுக்கொள்ளாமல் ஏமாற்றியவன் நான்.

1972-75 வரலாறு வகுப்பு நண்பர்களுக்கு நினைவிருக்கும். மூன்றாம் ஆண்டு தொடங்கிய புதிது, 1974 ஜூலை. பேராசிரியர் வகுப்பில் கேட்டார்: "ராஜராஜன் என்ன கட்டினான்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அவன் காலத்துல ஒரு நெசவாளி வீட்டுல ராத்திரி என்ன சாப்பிட்டாங்க? யாருக்காவது தெரியுமாப்பா?" வகுப்பு கப்சிப். "அவங்க யாரும் எழுதி வைக்கல. நீங்களாவது எழுதி வைங்க" என்றவர், ஒரு வாரம் வீட்டில் இரவு என்ன சமைத்தார்கள், அதற்கான சாமான்களை எங்கே வாங்கினார்கள் என்று எழுதிவரச் சொன்னார்.

நான் எழுதினேன். திங்கள் முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். செவ்வாய் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். ஞாயிறு கோழிக்குழம்பு. "நல்லா எழுதியிருக்கப்பா" என்று பாராட்டும் கிடைத்தது. அத்தனையும் பொய்.

அம்மா 2009-இல் காலமானார். பரண் மேல் கிடந்த பழைய நோட்டுகளை எடை போட்டுப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்தேன். வரலாறு படித்தவன் செய்கிற வேலையா இது? டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த இரண்டு நோட்டு மட்டும் தப்பின. ஒன்று 1961, மற்றது 1974. ஓய்வு பெற்ற பிறகுதான் அவற்றைப் பிரித்துப் படித்தேன்.

வீசையும் கிலோவும்

1961 நோட்டில் ஒரே பக்கத்தில் "வெல்லம் 1 வீசை" என்றும் "துவரம்பருப்பு 1 கிலோ" என்றும் இருக்கிறது. அம்மாவின் குழப்பம் அல்ல அது, நாட்டின் குழப்பம். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. 1956-இல் எடை, அளவுச் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1962-க்குள் மெட்ரிக் அளவு கட்டாயம் ஆகிவிட்டது. ஆனால் வீட்டுப் பெண்களின் கைக்கணக்கு சட்டத்துக்குக் கட்டுப்பட்டதா? 40 பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1.4 கிலோ. "கிலோன்னா முக்கால் வீசைன்னு வச்சுக்கோ, கொஞ்சம் தட்டும்" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

அரிசி விஷயத்தில் படியை யாராலும் அசைக்க முடியவில்லை. 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். 1967 தேர்தலில் அண்ணாவின் கட்சி மக்களிடம் சொன்னதும் ரூபாய்க்கு இத்தனை படி என்றுதான். கிலோ கட்டாயமாகி ஐந்து ஆண்டு ஆன பிறகும், ஓட்டுக் கேட்கப் போனவர்கள் படியில்தான் பேச வேண்டியிருந்தது.

பாட்டி கண்ட பஞ்சம்

எங்கள் பாட்டிக்குத் துறையூர்ப் பக்கம் மானாவாரிக் கிராமம். கம்பங்கூழ், வரகுச் சோறு, கேழ்வரகுக் களி. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் சாயங்காலம் தானியமாகக் கூலி வரும். அதைக் குத்திப் புடைத்து உலை வைக்க இருட்டிவிடும். ஆகவே அன்றைய ஒரே சுடுசோறு ராத்திரிச் சாப்பாடுதான். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் காலைக்குப் பழையது. இரவில் 'டிபன்' என்பதே அவர்கள் அறியாத சங்கதி.

பட்டணங்களில் வேறு கதை. சென்னை மாகாணம் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. 1943-இல் சென்னை நகரத்தில் ரேஷன் வந்தது, பின்னர் மற்ற ஊர்களுக்கும் பரவியது. 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். "கியூவுல நிக்க வேண்டாம்னதும் ஊரே கும்பிட்டுச்சு" என்பாள் பாட்டி. ஆனால் கியூ திரும்பி வந்தது.

கோதுமை வந்த கதை

1965, 1966 இரண்டு ஆண்டும் நாட்டில் மழை பொய்த்தது. அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின் கீழ் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் பிறந்ததே அந்த நெருக்கடிக் காலத்தில்தான். அதன் முதல் தலைமையகம் சென்னையில், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். தஞ்சை வயல்களில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் இறங்கியதும் அதே காலம்.

தஞ்சாவூருக்குப் பக்கத்திலேயே திருச்சியில் இருந்தோம். ஆனாலும் எங்கள் வீட்டுப் பையில் விழுந்தது கோதுமை. அதை என்ன செய்வது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தர் முழுசாக வேகவைத்துப் பார்த்தார், வேகவே இல்லை! அப்பா ரயில்வே தொழிலாளி. குடியிருப்பில் எதிர்வீட்டில் ஒரு மராட்டிக்கார மாமி இருந்தார். அவர்தான் எங்கள் தெருவுக்கே மாவு பிசைந்து சப்பாத்தி இடக் கற்றுக்கொடுத்தார். முதல் மாதம் அம்மா இட்ட சப்பாத்தி ஒவ்வொன்றும் ஒரு தேசப்படம்.

அன்று அரிசி இல்லாததால் சப்பாத்தி தின்றோம். இன்று சர்க்கரை இருப்பதால் டாக்டர் சொல்லித் தின்கிறோம். பாட்டி ஊரில் ஏழைச் சாப்பாடாக இருந்த வரகும் கம்பும், ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவிக்கிற அளவுக்கு உயர்ந்துவிட்டன. இப்போது கடையில் வரகரிசி வாங்கினால், சாதா அரிசியைவிடக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. பாட்டி இருந்தால் சிரித்திருப்பாள்.

இட்லி தினசரி ஆனது எப்போது?

"நம்ம பாரம்பரியமே ராத்திரி இட்லி, தோசைதானே தாத்தா?" என்கிறாள் பேத்தி. நோட்டு அப்படிச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாதத்துக்கு மூன்று நான்கு நாள்தான் உளுந்து நனைந்திருக்கிறது. ஆட்டுக்கல்லில் குழவியை ஒரு கை சுழற்ற, மறு கை மாவைத் தள்ளிக் கொடுக்க, தோள் கழன்றுவிடும். மாவும் மறுநாளைக்கு மறுநாள் புளித்துவிடும். கிரைண்டரும் பிரிட்ஜும் வந்த பிறகுதான் தோசை தினசரி இரவுச் சாப்பாடு ஆனது. கோவையில் 1950-களில் தொடங்கிய கிரைண்டர் தொழில், எங்களைப் போன்ற வீடுகளுக்கு எட்ட இருபது முப்பது ஆண்டு பிடித்தது. 2011-க்குப் பிறகு அரசே மிக்சி, கிரைண்டர் கொடுத்தது. எங்கள் அம்மா முதல் கிரைண்டரைப் பார்த்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தோள்வலியும் தங்கிவிட்டது.

பற்று நோட்டும் கொசுறும்

மளிகைக் கடை அண்ணாச்சியைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. சம்பளம் வந்ததும் சிட்டை எழுதுவோம். முதல் வரி மஞ்சள், மங்கலத்துக்கு. அப்புறம் உப்பு, புளி, மிளகாய், பருப்பு. கடைப் பையன் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, சாமானைக் கொட்டி, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி அறுப்பான். எண்ணெய்க்கு நாம்தான் தூக்கு கொண்டுபோக வேண்டும். காய்கறி வாசலுக்கே கூடையில் வரும். கறிவேப்பிலை கொசுறு. கொசுறு கொடுக்காத கூடைக்காரம்மாவுக்குத் தெருவில் மதிப்பு இல்லை!

1974 மே 8-ஆம் தேதி அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. 27-ஆம் தேதி வரை நடந்தது. அப்பாவும் அதில் இருந்தார். நாடு முழுக்க விலைவாசி ஏறிக்கொண்டிருந்த ஆண்டு அது, ஏற்றம் 20 சதவீதத்துக்கு மேல். அந்த மாதம் சம்பளம் முழுசாக வரவில்லை. அண்ணாச்சி சிட்டையை வாங்கிப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், "சாமானை எடுத்துட்டுப் போங்க, வரும்போது வரட்டும்" என்று பற்று எழுதிக்கொண்டார். அந்தப் பற்று அடைய அந்த ஆண்டே முடிந்துவிட்டது. ஜூலையிலும் அம்மா எதையும் அளந்து அளந்துதான் சமைத்தார். அதனால்தான் நோட்டில் சாமான் கணக்கோடு இரவுச் சமையலையும் எழுதியிருக்கிறார். எவ்வளவு செலவாயிற்று, எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு.

பேராசிரியர் கேட்டது அந்த ஜூலையைத்தான். கஞ்சி குடித்ததை நண்பர்கள் முன்னால் எழுதக் கூச்சமாக இருந்தது. ஒரு வாரச் சாப்பாட்டைக் கற்பனையில் சமைத்துவிட்டேன். இத்தனைக்கும் அந்த வகுப்பில் இன்னும் எத்தனை பேர் அப்படிக் கற்பனையில் சமைத்தார்களோ!

தமிழ்நாட்டில் 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 1997-இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு முன்னுரிமை என்று பிரித்தபோதும், இங்கே எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டார்கள். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை. 'இலவசம்' என்று கேலி பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அம்மா ஆழாக்கில் அரிசியை அளந்துவிட்டு, அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப டின்னில் போடுவது என் கண்முன் வரும்.

தம்பி, தங்கைகளே! இப்போது நீங்கள் போனில் விரல் வைத்தால் பத்து நிமிடத்தில் சாமான் வாசலுக்கு வருகிறது. சிட்டை இல்லை, பொட்டலம் இல்லை, அண்ணாச்சியும் இல்லை. கணக்கெல்லாம் எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, உங்கள் வீட்டில் இல்லை. ஆகவே அன்று எனக்குக் கொடுத்த வேலையை இன்று உங்களுக்குக் கொடுக்கிறேன். ஒரு வாரம் உங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். சாமான் எங்கே வாங்கினது, யார் சமைத்தது, யார் கடைசியில் சாப்பிட்டது என்றும் எழுதுங்கள். பாட்டியின் நோட்டு பரணில் கிடந்தால் எடைக்குப் போடும் முன் ஒரு புரட்டுப் புரட்டுங்கள்.

என் வீட்டுப்பாடத்தை 51 ஆண்டு தாமதமாக இங்கே சமர்ப்பிக்கிறேன். பேராசிரியர் இப்போது இல்லை. நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். 1974 ஜூலை 8 முதல் 14 வரை, அம்மாவின் நோட்டில் உள்ளபடி:

திங்கள்: கோதுமை ரவைக் கஞ்சி, துவையல்.
செவ்வாய்: சப்பாத்தி 10, வெங்காயம்.
புதன்: ரசம் சாதம், அரிசி 3 ஆழாக்கு, அப்பளம் 5.
வியாழன்: கோதுமை ரவைக் கஞ்சி.
வெள்ளி: ரசம் சாதம், அரிசி 3 ஆழாக்கு, கீரை.
சனி: சப்பாத்தி 10, பருப்பு.
ஞாயிறு: கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு.

அப்பளம் 5. சப்பாத்தி 10, ஆளுக்கு இரண்டு. வீட்டில் அப்பா, பாட்டி, நாங்கள் மூன்று பிள்ளைகள், அம்மா. மொத்தம் ஆறு பேர்.