எட்ட நிற்கும் கை

போன மாதம் நிகழ்ச்சி நடுவில் ஒரு பெரியவர் தொலைபேசியில் வந்தார். “தம்பி, கவுன்சிலிடம் மானியம் வாங்குகிறீர்கள். அப்படியென்றால் உங்கள் வானொலி அரசாங்க வானொலிதானே?” என்றார். “இல்லை ஐயா, ஆம்ஸ்-லெங்த் ஏற்பாடு” என்று கணக்காளன் வாயில் வருவதைச் சொல்லிவிட்டேன். “அது என்ன சாமான்?” என்று கேட்டார். நேரமில்லாமல் பாட்டுக்குப் போய்விட்டோம். அவருக்கு நான் தர வேண்டிய பதில் இது.

ஆம் என்றால் கை, லெங்த் என்றால் நீளம். கையை நீட்டி ஒருவரைத் தடுத்தால் எவ்வளவு எட்ட நிற்பாரோ, அவ்வளவு தூரம். எங்கள் தொழிலுக்கு இது சட்டத்திலிருந்து வந்தது. தம்பிக்கு வீடு விற்கும் அண்ணன் சந்தை விலை கேட்கமாட்டான். முன்பின் தெரியாத இருவர் பேரம் பேசி முடிக்கும் விலையே ஆம்ஸ்-லெங்த் விலை. அமெரிக்க வரி விதிகளில் 1935இல் இந்தச் சொல் ஏறியது.

அரசாங்கம் காசு கொடுக்கும், ஆனால் நிர்வாகத்தில் கை வைக்காது என்ற ஏற்பாட்டுக்கும் பின்னாளில் இதுவே பெயராயிற்று. பிரிட்டனில் 1946இல் அமைந்த கலை மன்றம் இதற்கு நல்ல உதாரணம். பணம் திறைசேரியுடையது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு மன்றத்துடையது. அதைத் திட்டமிட்ட பொருளியல் அறிஞர் கெயின்ஸ் 1945 ஜூலையில் மக்களுக்கு விளக்கியதும் பிபிசி வானொலியில்தான்.

அந்த பிபிசியின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 1926 மே மாதப் பொது வேலைநிறுத்தத்தின்போது வானொலியை அரசாங்கமே எடுத்துக்கொள்ளவேண்டும் என்றார் நிதியமைச்சர் சர்ச்சில். அமைச்சரவை இணங்கவில்லை. கை எட்டவே நின்றது. ஆனாலும் தொழிற்கட்சித் தலைவர் மெக்டொனால்டுக்கு ஒலிவாங்கி கிடைக்கவில்லை. சமாதானம் கோரிய கான்டர்பரி பேராயரின் வேண்டுகோள் சில நாள் காத்திருந்து 11ஆம் தேதிதான் ஒலித்தது. மறுநாள் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது! நிலையத்தைப் பறிகொடுக்கக்கூடாதே என்பது தலைமை நிர்வாகி ரீத்தின் கவலை. 1927 ஜனவரியில் அரச சாசனம் கிடைத்தது.

நம் மானியக் கடிதத்தில் ஆண்டுக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். செய்தியைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் கவுன்சிலின் செலவுக் குறைப்பு பற்றிய உரையாடல் ஒன்றை இரு வாரம் தள்ளிப்போடச் சொன்னவன் நான். மானியக் காசோலை அப்போது வரவேண்டியிருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

பெரியவர் மறுபடி அழைத்தால் இதையும் சொல்லுவேன்.