குறையே குரலான கதை: ராக் இசையும் வால்வு ஆம்ப்ளிஃபயரும்

பொறியியலார் ஒரு கருவியை ஆக்கும்போது அதன் குறைகளை ஒவ்வொன்றாகக் களைவதே தம் கடமை எனக் கொள்வர். அவர்கள் களைய முயன்ற ஒரு குறையைக் கலைஞர் கையில் எடுத்து, இக்கருவியின் உயிரே இதுதான் என்று போற்றுவது அரிதாகவே நிகழும். மின்கிதாருடன் இணைக்கப்படும் வால்வு ஆம்ப்ளிஃபயரின் வரலாறு அத்தகைய அரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. ராக் இசையில் நம் செவிக்கு முதலில் எட்டும் அந்தக் கரகரப்பான, நீண்டு நிற்கும் ஒலி தந்தியில் மட்டும் பிறப்பதன்று. அதன் பெரும்பகுதி ஆம்ப்ளிஃபயரிலேயே உருவாகின்றது.

மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பத்து இளைஞர்கள் நண்பர்களுடன் குழு அமைத்து ராக் வாசிக்க முற்படும்போது, எந்த ஆம்ப்ளிஃபயரை வாங்குவது என்னும் கேள்வி வீட்டில் எழுகின்றது. விலையோ சிறிதன்று. அக்கருவி வந்த வழியை அறிந்தவர்க்கு இக்கேள்விக்கு விடை காண்பது எளிதாகும்.

வால்வின் தோற்றத்திலிருந்து தொடங்குவோம். 1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் இரு முனைகள் கொண்ட வால்வை அமைத்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். வாய்க்கால் மதகைச் சிறிதே அசைத்தால் பெருநீரின் ஓட்டம் மாறுவதுபோல், இவ்வலையில் ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றம் வால்வினுள் ஓடும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கும். வானொலியும் நெடுந்தொலைவுத் தொலைபேசியும் வளர்ந்தது இந்தத் தத்துவத்தால்தான்.

ஆயினும் மதகு வழியே செல்லும் நீருக்கு ஓர் எல்லை உண்டு. உள்ளே வரும் அலை அளவுக்கு மிஞ்சினால் வால்வு அதனை முழுமையாகப் பெருக்க இயலாது. அலையின் முகடுகள் மழுங்கிவிடும். இதனை ஆங்கிலத்தில் டிஸ்டார்ஷன் என்பர். தமிழில் திரிபு எனலாம். பேச்சைத் தெளிவாகக் கொண்டுசெல்ல வேண்டிய தொலைபேசித் துறைக்கு இது பெரும் இடையூறு. 1927இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹரால்ட் பிளாக், வெளிவரும் அலையின் ஒரு பங்கை எதிர்முறையில் உள்ளே திருப்பி அனுப்பித் திரிபைக் குறைக்கும் வழியைக் கண்டார். மின்னணுவியலின் பெரிய சாதனைகளுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகின்றது.

நம் இலக்கண நூலார் சொற்புணர்ச்சியில் நேரும் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தனர். வால்வினுள் நிகழ்வதும் இம்மூன்றுமே. அலையின் முகடு கெடுகின்றது. அதன் வடிவம் திரிகின்றது. அதன் பயனாக, மூல ஒலியில் வலுவற்றிருந்த அல்லது இல்லவே இல்லாத மேற்சுரங்கள் புதிதாகத் தோன்றுகின்றன. பொறியியலார் கெடுதலைக் கண்டு வருந்தினர்; கிதார்க் கலைஞரோ தோன்றலைக் கேட்டு மகிழ்ந்தனர். தம்புராவின் குதிரைமீது தந்திக்கடியில் நூலை வைத்து ஜீவா கூட்டும் நம்மவர்க்கு இந்த மகிழ்ச்சி புதிதன்று.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், கிதார் வாசிக்கக் கற்றவரல்லர். அவர் நாடியது தெளிந்த ஒலியையே. 1950களில் அவர் பேஸ் கிதாருக்கெனச் செய்த பாஸ்மேன் என்னும் ஆம்ப்ளிஃபயரைச் சாதாரணக் கிதார் வாசிப்பவர்களும் விரும்பி வாங்கினர். விசையை உயர்த்தினால் அது இனிமையாகக் கரகரத்தது. வேறிடங்களில் விபத்தே ஆசானாயிற்று. 1951இல் மெம்ஃபிஸ் நகரில் ஓர் இசைத்தட்டு பதிவானபோது, வழியில் பழுதுற்ற ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்துச் சமாளித்ததாக ஒலிப்பதிவாளர் சாம் பிலிப்ஸ் கூறியிருக்கின்றார். 1964இல் லண்டனில் கின்க்ஸ் குழுவின் டேவ் டேவீஸ், தம் சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர்க் காகிதத்தைச் சவரத்தகட்டால் வேண்டுமென்றே கீறினார்.

இதற்கிடையில் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்னும் டிரம் ஆசிரியர் 1960இல் ஒரு கடை திறந்தார். அமெரிக்க ஆம்ப்ளிஃபயரின் விலை இளைஞர்களுக்கு எட்டவில்லை என்பதை அறிந்து, கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் துணையுடன் 1962இல் பாஸ்மேனின் மின்சுற்றைத் தழுவித் தாமே ஒன்றை உருவாக்கினார். தழுவலாயினும் பொருள்கள் மாறின. பாஸ்மேனின் முதல் வால்வு ஏறத்தாழ 44 மடங்கு பெருக்கும் இயல்பினது. மார்ஷல் வைத்த இ.சி.சி. 83 வால்வோ 100 மடங்கு இயல்பினது. நான்கு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் பின்புறம் மூடிய பெட்டியில் அமைந்தன. இவ்வளவே வேறுபாடு, ஒலியோ வேறொரு மொழியாயிற்று.

அதன்பின் உரப்புக்கான போட்டி எழுந்தது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்காக 1965இல் நூறு வாட் ஆம்ப்ளிஃபயர் பிறந்தது. எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒரே பெட்டியைத் தூக்க இயலாமையால் அதனை இரண்டாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். ராக் மேடையின் அடையாளமாகிவிட்ட அந்த அடுக்கு இவ்வாறு தோன்றியதே. டவுன்ஷெண்ட் தம் செவித்திறன் குன்றியதைப் பின்னாளில் வெளிப்படையாகவே கூறினார்.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. திரிபு வேண்டுமெனில் விசையை முழுதும் உயர்த்த வேண்டும். உயர்த்தினால் அரங்கமே அதிரும். கலிபோர்னியாவின் ராண்டல் ஸ்மித் 1970களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். முதல் வால்வுகளுக்குப் பின் மேலும் ஒரு பெருக்கு நிலையைச் சேர்த்து, இடையிடையே அளவைக் கட்டுப்படுத்தும் திருகுகளையும் வைத்தார். மெல்லிய ஒலியிலும் நீண்ட திரிபு கிடைத்தது. கார்லோஸ் சந்தானா பாராட்டிய சொல்லிலிருந்தே அதற்கு பூகி என்னும் பெயர் அமைந்தது. 1975இல் மார்ஷல் நிறுவனமும் மாஸ்டர் வால்யூம் என்னும் தனித் திருகை அமைத்தது. 1987இல் மைக் சொல்டானோவின் எஸ்.எல்.ஓ. 100, 1992இல் எடி வான் ஹேலனுக்காக வந்த பீவி 5150, அதே காலத்து மேசா டூயல் ரெக்டிஃபயர் ஆகியவை இவ்வழியின் வளர்ச்சிகளே. ஹை கெயின் என்று வழங்கப்படுவது இந்தக் குலமே.

இவ்வளவு திரிபில் எல்லாச் சுரங்களும் இணங்கா. இரு சுரங்கள் ஒன்றாகப் புகுந்தால் அவற்றின் வேறுபாட்டிலிருந்தும் ஓர் ஒலி தோன்றும். ஷட்ஜமமும் பஞ்சமமும் சேர்ந்தால் அவ்வொலி கீழ் ஷட்ஜமமாகவே அமைந்து சேர்க்கைக்கு அடித்தளமாகின்றது. காந்தாரத்தையும் சேர்த்தால் கலக்கம் மிகும். ராக் கிதாரில் ஷட்ஜம பஞ்சமச் சேர்க்கை ஆட்சி செலுத்துவதற்கு இதுவே முதற் காரணம்.

இனித் தேர்வுக்கு வருவோம். குழுவுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்குவோர் உண்மையில் தேர்ந்தெடுப்பது திரிபின் வகையையே. இ.எல். 34 வால்வுகள் கொண்ட ஆங்கிலேய மரபுக் கருவியில் நடுத்தாயி ஒலி முன்னிற்கும். 6 எல் 6 வால்வுகள் கொண்ட அமெரிக்க மரபில் கீழும் மேலும் அகன்று ஒலிக்கும் என்பது பொதுவான அனுபவம். முன்னது குழுவின் நடுவே தெளிவாகக் கேட்கும். பின்னது தனித்திருக்கையில் கம்பீரமாக இருப்பினும் பேஸ் கிதாரின் இடத்தைப் பற்றிக்கொள்ளக்கூடும். இரண்டு கிதார்கள் உள்ள குழு, ஒவ்வொரு மரபிலும் ஒன்றைக் கொள்வது நன்று.

வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டா. ஐம்பது வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் உள்ள வேறுபாடு மூன்று டெசிபெல் மட்டுமே. செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். அரங்கில் மைக் வைத்து ஒலிபரப்பும் இக்காலத்தில் சிறிய கருவியே பெரும்பாலும் போதும். அமெரிக்காவிலிருந்து தருவிப்பவர்கள் அது 120 வோல்ட்டுக்கு உரியதா, நம் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று முதலில் பார்க்க வேண்டும். உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். நிறுத்திய பின்னும் அது சிறிது நேரம் தங்கும். ஆகவே, வால்வு மாற்றும் வேலையைப் பழகியவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

டிரான்சிஸ்டர் வந்தபின் இங்கிலாந்தும் அமெரிக்காவும் வால்வு உற்பத்தியைப் பெரும்பாலும் கைவிட்டன. 1960களில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வானொலிப் பெட்டிகளுக்கு வால்வு செய்துவந்தது, அதுவும் நின்றுபோயிற்று. இன்று கிதார் வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன. தேய்ந்த வால்வை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவது அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. கடைக்குக் கிதார் வாசிப்பவர் தனியே செல்வதைவிடப் பாடுபவரையும் உடன் அழைத்துச் செல்வதே முறை. திரிபு மிகுந்த கிதார், மனிதக் குரல் வாழும் அதே நடுத்தாயியில்தான் பரவி நிற்கின்றது. திருகைக் கூட்டிக்கொண்டே சென்று, பாடகரின் சொற்கள் மறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் இனிமையாக ஒலிப்பது எதுவோ, அதுவே உங்கள் குழுவுக்கு உரிய ஆம்ப்ளிஃபயர்.