வலைபோல் சாலை, கயிறுபோல் சாலை

நார்வேயின் மேற்குக் கரையையும் நியூசிலாந்து தெற்குத் தீவின் மேற்குக் கரையையும் பக்கம் பக்கமாக வரைபடத்தில் விரித்து வைத்தால், ஒரே கை இரண்டையும் கிழித்ததுபோல் இருக்கும். கடல் ஃபியோர்டுகளாக, விரல் விரலாக, நிலத்துக்குள் நுழைந்திருக்கிறது. விரல்களுக்கு நடுவே செங்குத்தான மலை, மலைக்கு மேலே பனி. பனியாறு, மலை, ஃபியோர்டு மூன்றையும் காரிலிருந்தபடியே ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர் இந்த இரண்டு இடங்களில் ஒன்றைத்தான் பெரும்பாலும் தேர்கிறார். தேர்ந்த பிறகு, ஒரு நாட்டுக்குப் போட வேண்டிய திட்டத்தை இன்னொரு நாட்டுக்குப் போட்டு ஏமாறுகிறார்.

ஏமாற்றத்தைத் தவிர்க்க, வரைபடத்தில் தண்ணீரை விட்டுவிட்டுச் சாலைகளைப் பார்க்க வேண்டும். நார்வேயில் அவை மீன்வலை மாதிரி பின்னிக் கிடக்கின்றன. ஃபியோர்டின் கரை வந்ததும் கோடு நின்றுவிடுவதில்லை, புள்ளிக்கோடாகத் தண்ணீரைக் கடந்து எதிர்க்கரையில் மறுபடி தொடர்கிறது. நியூசிலாந்தின் ஃபியோர்ட்லாந்திலோ பதினான்கு ஃபியோர்டுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பொதுச் சாலை. அது மில்ஃபோர்ட் சவுண்ட் வரை போய்க் கடலில் முட்டி நிற்கிறது. போன வழியேதான் திரும்ப வேண்டும்.

மண்ணின் கதை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பனியாறு பள்ளத்தாக்கைச் சுரண்டி ஆழப்படுத்தியது. பனி விலகியபோது கடல் உள்ளே வந்து நிரம்பியது. அளவில்தான் எட்டாத தூரம். சோக்னெஃபியோர்டு 205 கி.மீ. நீளமும் 1,300 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்டது. மில்ஃபோர்ட் வெறும் 15 கி.மீ. சொச்சம். அதன் பெயரில் 'சவுண்ட்' இருப்பதும் பிழை. ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடல் மூழ்கடித்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். இங்கே வேலை செய்தது பனி.

பிறகு ஏன் ஒன்று வலை, மற்றது கயிறு? மனிதர்கள்தான் காரணம். நார்வேயில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஃபியோர்டின் ஓரங்களில் பண்ணைகள் இருந்துவருகின்றன. படகுதான் அவர்களுக்கு வண்டி. சாலை பிற்காலத்தில் வந்து, ஏற்கெனவே இருந்த படகுத்துறைகளைக் கோத்தது. அதனால்தான் இன்றும் ஃபெர்ரி அங்கே நெடுஞ்சாலையின் ஒரு துண்டு, சுற்றுலாக் கேளிக்கை அல்ல. சோக்னெஃபியோர்டைக் கடக்கும் லாவிக்–ஒப்பெடால் தடத்தில் 2015இல் மின்கலத்தில் ஓடும் 'ஆம்பியர்' என்ற கார்ஃபெர்ரியை விட்டார்கள். ஊர் மக்கள் தினம் வேலைக்குப் போகும் தடத்தில்தான் இந்த முயற்சி நடந்தது.

ஃபியோர்ட்லாந்துக்கு மாவோரி மக்கள் பச்சைக்கல் தேடி மலைக்கணவாய் வழியே நடந்து வந்தார்கள், பருவத்துக்குப் பருவம் வேட்டைக்கும் மீனுக்கும் வந்தார்கள். நிலையான பெரிய ஊர்கள் எழவில்லை. அந்த மழையில் எழுவதும் கடினம். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,800 மில்லிமீட்டர் பெய்கிறது. சாலை போட்டவர்கள் ஊரை ஊரோடு இணைப்பதற்காகப் போடவில்லை. ஒரு காட்சியை நோக்கிப் போட்டார்கள்.

இந்த இடத்தில் ஓர் ஒற்றுமை என்னை நெகிழவைக்கிறது. இரண்டு நாட்டிலும் இன்று நாம் வியந்து கடக்கும் முக்கியமான மலைச்சாலை 1930களின் வேலையின்மையிலிருந்து பிறந்தது. வட ஐரோப்பாவின் மிக உயரமான கணவாய்ச் சாலையான சோக்னெஃபியெல், 1,434 மீட்டர் வரை ஏறுகிறது. வேலையில்லாத இளைஞர்கள் அதை அமைத்து, 1938இல் திறந்தார்கள். மில்ஃபோர்ட் சாலையிலுள்ள ஹோமர் சுரங்கத்தை 1935இல் தொடங்கியவர்களும் நிவாரணக் கூலிக்கு வந்தவர்கள்தான். கூடாரத்தில் தங்கி, கடப்பாரையும் தள்ளுவண்டியுமாகத் தொடங்கினார்கள். பனிச்சரிவு அவர்களில் சிலரைக் கொன்றது. போர் குறுக்கிட்டது. 1.2 கி.மீ. நீளமே உள்ள அந்தத் துளை வாகனங்களுக்குத் திறக்க 1954 ஆயிற்று. உள்ளே இன்றும் பாறை பூச்சில்லாமல் கரடாகத்தான் இருக்கிறது. மில்ஃபோர்ட் பக்கமாகப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வண்டி இறங்கும். கோடையில் சிக்னலுக்காக வாயிலில் காத்திருக்கும் சில நிமிடங்களில், அந்தக் கைகளை நினைத்துக்கொள்வது நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நார்வேயின் சுரங்கம் வேறு வகை. 2000ஆம் ஆண்டில் திறந்த லேர்டால் சுரங்கம் 24.5 கி.மீ. ஓடுகிறது. உலகின் நீளமான சாலைச் சுரங்கம் அது. ஓட்டுகிறவர் கண் அயராதிருக்க நடுவே மூன்று இடத்தில் குகைபோல் அகலப்படுத்தி நீல ஒளி பாய்ச்சியிருக்கிறார்கள். பொறியியலாகப் பார்த்தால் அற்புதம். இயற்கை பார்க்க வந்தவருக்கோ அது ஒரு பொறி. வழிகாட்டும் செயலி எப்போதும் குறுகிய நேரத்தைத்தான் தேடும், உங்களைக் கண்ணை மூடிக்கொண்டு சுரங்கத்துக்குள் விட்டுவிடும். அதே சுரங்கத்துக்கு மேலே ஆர்லாண்ட்ஸ்ஃபியெல் என்ற 47 கி.மீ. மலைச்சாலை இருக்கிறது. 'பனிச்சாலை' என்றே அதற்குப் பெயர். கோடையிலும் சாலையோரம் பனிக்குவியல் கிடக்கும். ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே, ஸ்டேகாஸ்டைன் என்ற மரமேடை வெற்றிடத்தில் நீண்டு நிற்கும். கீழே 20 நிமிடம், மேலே அரை நாள். நார்வேத் திட்டம் என்பதே இப்படிப்பட்ட இரண்டில் ஒன்றை ஒவ்வொரு சந்திப்பிலும் தேர்வது. தேசியச் சுற்றுலாச் சாலைகள் என்று அரசே 18 தடங்களைக் குறித்துவைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் அடைக்கப் பார்த்தால் ஸ்டியரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். நாளுக்கு 150 கி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள் என்பேன். ஃபெர்ரிக்காகக் காத்திருப்பதும் அந்தக் கணக்கில் அடங்க வேண்டும்.

வலைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஓர் இழை அறுந்தாலும் மீன் தப்பாது. 1936இல் திறந்த, பதினொரு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட புகழ்பெற்ற ட்ரோல்ஸ்டிகன் 2024 கோடையில் பாறை விழும் அபாயத்தால் மூடப்பட்டது. ஏமாற்றம்தான். ஆனாலும் கெய்ராங்கர் ஃபியோர்டுக்கு வேறு வழியில் போய்ச் சேர முடிந்தது. அந்தப் பக்கத்தில் ஏறும் 'கழுகுச் சாலை'யிலும் அதே பதினொரு வளைவுகள் உண்டு.

கயிற்றில் அந்தச் சலுகை கிடையாது. தே அனா என்ற ஊரிலிருந்து மில்ஃபோர்டுக்கு 118 கி.மீ. குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயம் கூடினால் சாலையை அடைத்துவிடுவார்கள். அடைத்தால் அடைத்ததுதான், மாற்றுப் பாதை இல்லை. டயர் சங்கிலி வைத்திருக்க வேண்டும், தே அனாவிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும். குவீன்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் நிறைய. போகவர 600 கி.மீ.க்கு நெருங்கிய ஓட்டம் அது. நான் அதை எதிர்க்கிறேன். தே அனாவில் இரண்டு இரவு வைத்து, ஒரு பகலை வெறுமையாக விடுங்கள். மழை பெய்தால் திட்டம் கெட்டது என்றும் நினைக்க வேண்டாம். வறண்ட நாளில் மில்ஃபோர்டில் நிரந்தர அருவிகள் இரண்டுதான். மழை பிடித்த நாளில் பாறைச் சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான வெள்ளைக் கோடுகள் இறங்கும்.

தூரக் கணக்கில் புதியவர்கள் இன்னொரு இடத்திலும் சறுக்குகிறார்கள். மில்ஃபோர்டிலிருந்து ஃபாக்ஸ் பனியாறு நேர்க்கோட்டில் 200 கி.மீ. சொச்சம். கரையோரச் சாலை இல்லாததால், தே அனாவுக்குத் திரும்பி, குவீன்ஸ்டவுன், வனாகா, 1965இல் முழுமையடைந்த ஹாஸ்ட் கணவாய்ச் சாலை என்று சுற்றி 600 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். ஃபியோர்டு ஒரு நாள், பனியாறு இன்னொரு நாள், நடுவே குறைந்தது ஓர் இரவு. நார்வேயில் ஃபியோர்டின் கிளைக்கரையிலுள்ள கவ்ப்னேயிலிருந்து நிகார்ட்ஸ்ப்ரே பனியாறு ஏறக்குறைய 35 கி.மீ.தான். காலைச் சாப்பாட்டை உப்புத்தண்ணீர் பக்கத்திலும் மதியச் சாப்பாட்டைப் பனிக்கட்டி பக்கத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

மற்ற வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூசிலாந்தில் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுவார்கள், திறந்த சாலையில் மணிக்கு 100 கி.மீ. வரை அனுமதி. ஆனால் ஒற்றைத்தடப் பாலங்கள் ஏராளம், யார் முதலில் போவது என்பதைப் பலகை பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நார்வேயில் வலப்பக்கம், ஊருக்கு வெளியே பெரும்பாலும் 80, பகலிலும் முகப்பு விளக்கு கட்டாயம். கூடாரம் அடிப்பதில் நார்வே தாராளம். 1957இன் சட்டப்படி, பயிரிடாத நிலத்தில் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருந்தால் போதும். பருவம் தலைகீழ்: நார்வேயில் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, நியூசிலாந்தில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை.

பனியாறுகளுக்கு வருவோம். இவற்றின் பெயர்களே இரண்டு மக்களின் நினைவுகள். நிகார்ட்ஸ்ப்ரே, ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய பனியாறான யோஸ்டெடால்ஸ்ப்ரேயின் ஒரு கை. 1740களில் அது முன்னேறி வந்து நிகார்ட் என்ற பண்ணையை விழுங்கியது. விழுங்கப்பட்ட பண்ணையின் பெயரே பனியாற்றுக்கு ஆயிற்று. நியூசிலாந்தில் ஃபிரான்ஸ் ஜோசஃப் என்று ஆஸ்திரியப் பேரரசரின் பெயரை 1865இல் சூட்டினார்கள். மாவோரிப் பெயர் கா ரோய்மாடா ஓ ஹினே ஹுகாடெரே, ஹினே ஹுகாடெரேயின் கண்ணீர். மலையேறும்போது பனிச்சரிவில் மாண்ட காதலனுக்காக அவள் அழுத கண்ணீர் உறைந்தது என்பது கதை.

1990களில் இரண்டு கரையிலும் பல பனியாறுகள் முன்னேறின. அந்தப் பழைய படங்களைப் பார்த்துவிட்டு யாரும் திட்டம் போடக்கூடாது. ஃபிரான்ஸ் ஜோசஃப் 2008க்குப் பிறகு வேகமாகச் சுருங்கியது. பள்ளத்தாக்கிலிருந்து நடந்து பனியின்மேல் ஏறும் வழிகாட்டுப் பயணங்கள் 2012இல் நின்றன, இப்போது ஹெலிகாப்டர்தான். அதாவது பனியைத் தொட மேகமும் விலக வேண்டும், பையும் கனக்க வேண்டும். 2019 மார்ச்சில் வெள்ளம் அங்குள்ள வாயிஹோ ஆற்றுப் பாலத்தை அடித்துப் போனது. அதே ஆண்டு நிலச்சரிவுகளால் ஃபாக்ஸ் பனியாற்றுச் சாலையும் போய்விட்டது. நிகார்ட்ஸ்ப்ரேயில் இன்னும் கோடையில் வழிகாட்டியோடு நடந்து ஏறலாம். ஒரே ஒரு பனியாற்றுக்கு மட்டும் நேரம் இருக்கிறவரை நான் அங்கேதான் அனுப்புவேன்.

அங்கே போகிறவர் முதலில் ஓர் ஏரியைப் படகில் கடக்கலாம். 1930களின் நடுவில் அந்த ஏரி இல்லை, பனிதான் அங்கே படுத்திருந்தது. அது பின்வாங்கப் பின்வாங்க, முப்பது ஆண்டுகளில் ஏரி முழுதாய் வெளிப்பட்டது. நியூசிலாந்தின் மிக நீளமான டாஸ்மன் பனியாற்றின் முன்னும் இப்படியொரு ஏரி, 1970களுக்குப் பிறகு வளர்ந்தது. மிதக்கும் பனிப்பாறைகளுக்கு நடுவே அங்கும் படகு விடுகிறார்கள். எந்த நாட்டைத் தேர்ந்தாலும் பயணத்தாளில் பனியாறு என்று எழுதிய நாளுக்குக் கீழே படகு நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.