தாது வருடத்துக் கழனி

ஏடு எழுதுவித்து வழங்குதலைச் சாத்திரதானம் என்று போற்றுவது நம் மரபு. அன்னம், அபயம், மருந்து, சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் அதுவும் ஒன்று. அந்த அறத்தால் நூல்கள் பிழைத்தன. உ.வே.சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமண இல்லங்களில் வழங்கிய பாடமரபு அவருக்குப் பெருந்துணையாயிற்று. நூல்களைக் காத்த நாம், அவற்றைக் காத்த நம் குடும்பத்து முன்னோரைப் பற்றி எழுதிவைத்தோமா என்று கேட்டால், விடை சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது.

குடும்ப நினைவுகள் நம்மிடம் இல்லாமலில்லை. அவை பெரும்பாலும் வழக்கங்களில் தங்கியிருக்கின்றன. செஞ்சியை ஆண்ட தலைவன் ஒருவன் காலத்தில் சமணர் துன்புறுத்தப்பட்டனர் என்றும், தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்து, பின்னர்த் திரும்பிவந்து, நம் சமயம் மீண்டும் தழைக்கத் துணைநின்றார் என்றும் வழிவழியாகச் சொல்வர். அவர் மரபினர் விழாக்களில் முதல் தாம்பூலம் பெறும் உரிமைக்கு இதுவே காரணம் என்பர். 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரில் பிரான்சிஸ் என்னும் ஆங்கிலேய அலுவலர் இதனைப் பதிவு செய்திருக்கிறார். தாம்பூலம் மட்டும் நிலைத்து, அதன் காரணத்தை எவரும் கேட்டு எழுதாதிருந்தால், பின்வருவோர் வேறொரு காரணத்தைத் தாமே கற்பித்துக்கொள்வர். எங்கள் குடும்பத்தில் அவ்வாறுதான் நேர்ந்தது.

வந்தவாசியை அடுத்த எங்கள் ஊரில், ஏரிக்குக் கீழே எங்களுக்கு நல்ல கழனி ஒன்று இருந்ததாம். தாது வருடப் பஞ்சத்தில் அது கைவிட்டுப் போயிற்றாம். சிறுவயது முதல் நான் கேட்டு வளர்ந்த கதை இது. பணி ஓய்வுக்குப் பின் பழைய வீட்டுப் பரணைத் தூய்மை செய்தபோது, பாட்டனாரின் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. மணிலாக்கொட்டை மூட்டைக் கணக்குகளுக்கு இடையே, "தாது வருஷம் ஐப்பசி, ஏரிக்கீழ்க் கழனி கிரயம்" என்று ஒரு வரி இருந்தது. முன்னோர் குறிப்பைப் பாட்டனார் படியெடுத்து வைத்திருக்கிறார் என்று எண்ணினேன். கேட்ட கதைக்குச் சான்று கிடைத்த மகிழ்ச்சியில், 1876ஆம் ஆண்டுப் பஞ்சத்தையும் சேர்த்து, நான்கு பக்கங்களில் குடும்ப வரலாறு ஒன்று எழுதி உறவினர் இருபது வீட்டாருக்கு அனுப்பினேன்.

ஒரு திங்கள் கழிவதற்குள், என் சிற்றப்பாவின் மகன் தம்மிடமிருந்த கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். விற்றவர் என் பாட்டனாரே, ஆண்டு 1936. தமிழாண்டுகள் அறுபதும் சுழன்று வருவன என்று வகுப்பில் எத்தனையோ முறை கற்பித்த நான், அதை என் வீட்டுக் கணக்கில் மறந்துபோனேன். 1876 தாது, 1936உம் தாது. 1930களில் உலகெங்கும் விளைபொருள் விலை வீழ்ந்தபோது மணிலாவின் விலையும் வீழ்ந்தது. கடன்பட்டுக் கொள்முதல் செய்திருந்த பாட்டனார், கழனியை விற்றுக் கடனை அடைத்திருக்கிறார். நோட்டின் எஞ்சிய பக்கங்களைக் கூட்டிப் பார்த்தபோது இது தெளிவாயிற்று.

தொண்ணூறு வயதைக் கடந்த என் அத்தையிடம் சென்று கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்பா. நீங்க யாரும் கேக்கலையே" என்றார்.

வரலாற்றைத் திருத்தி எழுத முற்பட்டபோது, உறவில் மூத்தவர் ஒருவர் தடுத்தார். பஞ்சத்தில் நிலம் போயிற்று என்றால் குடும்பத்துக்குக் குறைவில்லை; வணிகத்தில் தோற்றுப் போயிற்று என்றால் பாட்டனார் பெயருக்கு இழுக்கு என்பது அவர் கருத்து. அவர் சொல்லிலும் அன்பு இருந்தது. அதனால் சில நாள் எழுதாமல் இருந்தேன். அப்போது எனக்கு வழிகாட்டியது, ஆக்ராவில் வாழ்ந்த பனாரசிதாசர் என்னும் சமண வணிகரின் நூல்.

பொன்னூர் மலையில் நாம் வணங்கும் திருவடிகளுக்கு உரியவர் குந்தகுந்தாசாரியார். அவர் அருளிய சமயசாரத்தின் வழியில், 1636இல் 'சமயசார நாடகம்' என்னும் நூலை இயற்றியவர் பனாரசிதாசர். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1641இல், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், தம் குடும்பத்தின் கதையையும் தம் கதையையும் 675 செய்யுட்களில் பாடினார். மனிதனின் நிறைவாழ்வு நூற்றுப்பத்து ஆண்டு எனக் கொண்டு, தாம் கடந்தது பாதியே என்பதால் அதற்கு 'அர்த்த கதானகம்', அதாவது பாதிக் கதை, என்று பெயரிட்டார்.

அக்கதை அவருடைய பாட்டனார் மூலதாசரிடம் தொடங்குகிறது. முகலாய அதிகாரி ஒருவரிடம் பணிசெய்த அவர் இறந்தவுடன் வீடும் பொருளும் பறிக்கப்பட்டன. கைம்பெண்ணும் சிறுவனும் ஜான்பூருக்குச் சென்று தஞ்சம் புகுந்தனர். அச்சிறுவனே பனாரசிதாசரின் தந்தை. 1605இல் அக்பர் மறைந்த செய்தி ஜான்பூரை எட்டிய நாளில், படிக்கட்டில் அமர்ந்திருந்த இளைஞர் பனாரசிதாசர் மயங்கி விழுந்து தலையில் அடிபட்டார். ஊரார் கடைகளை அடைத்தனர். நகைகளை மண்ணில் புதைத்தனர். செல்வர்கள் முரட்டுத் துணி உடுத்தனர். புதிய அரசர் பட்டமேறினார் என்று மடல் வந்த பின்னரே அச்சம் நீங்கிற்று. ஒரு நகரத்தின் அந்தப் பத்து நாட்களை நாம் இன்று அறிவது ஒரு வணிகரின் குடும்பக் கதையால்தான்.

அவர் எதையும் மறைக்கவில்லை. மணியும் நெய்யும் துணியும் கொண்டு ஆக்ரா சென்று முதலை இழந்ததையும், கையில் காசின்றிப் பல திங்கள் கடனுக்குக் கச்சோரி உண்டதையும், பிறந்த மக்கள் ஒன்பதின்மரும் இறந்ததையும் எழுதினார். இறுதியில் தம் நற்குணங்களை எண்ணிச் சொன்னவர், பொருளாசை உட்படத் தம் குறைகளையும் அதே கையால் எண்ணிச் சொன்னார். கையெழுத்துப் படிகளில் இருந்த அந்நூலை நாதூராம் பிரேமி 1943இல் அச்சிட்டார். அதைப் படிப்போர் அவரை இகழ்வதில்லை, நம்புகிறார்கள்.

பொய்யாமை நம் ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. கடன் கொடுத்தவருக்கு ஒரு காசும் குறைக்காமல் கழனியை விற்றுத் தந்தவர் என் பாட்டனார். பஞ்சக் கதையைக் காப்பதற்காக அந்த நேர்மையை மறைப்பதே அவருக்கு இழுக்கு என்று மூத்தவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர் "எழுது" என்றார்.

நோட்டில் இன்னொரு வரியும் இருந்தது. கழனி விற்ற மறு ஆண்டில், "பெண் மகவு, இரண்டு வயது, காலமாயிற்று" என்று மட்டும் எழுதியிருந்தது. தந்தையாருக்கு அப்படி ஒரு தங்கை இருந்ததை நாங்கள் அறியோம். அத்தை அறிந்திருந்தார். அக்குழந்தையின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் அப்பெயர் எங்கள் குடும்ப மரத்தில் ஏறியது.

இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் விழாவுக்கு ஊர் செல்லும்போது, வீட்டு முதியோரிடம் ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்க வேண்டுகிறேன். தமிழாண்டின் பெயரோடு ஆங்கில ஆண்டையும் குறியுங்கள். செய்தியைச் சொன்னவர் யார் என்பதையும் குறியுங்கள். மருமகளாய் வந்த பெண்களின் பிறந்த ஊரையும் பெயரையும் விடாதீர்கள். எழுதியதை உறவினர்க்கு அனுப்புங்கள். பிழை இருப்பின் அவர்கள் திருத்துவர். கதை முழுமையாகட்டும் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. பனாரசிதாசர் எழுதியதும் பாதிக் கதையே.