கேம்ப் வாசல் கடை: ஜெபல் அலியில் சிகரெட் எட்டும் தூரம்

கடை பக்கத்தில் இருப்பதால் புகைக்கிறார்களா, புகைப்பவர்கள் இருக்கும் இடம் பார்த்துக் கடை வருகிறதா? புகையிலை ஆய்வில் இது தீராத வழக்கு. வரைபடத்தில் கடைகளை எண்ணினால் மட்டும் விடை வராது. பின்லாந்து ஆய்வாளர்கள் ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வீட்டிலிருந்து புகையிலைக் கடைக்கு நடக்கும் தூரம் மாறியபோது அவர்கள் பழக்கம் என்ன ஆனது என்று பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவு இது: கடை 500 மீட்டர் தள்ளிப்போனால் புகைப்பதை விடும் வாய்ப்பு கூடுகிறது.

இந்த அளவுகோலை துபாயின் ஜெபல் அலிக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

1979-இல் துறைமுகமும் 1985-இல் தடையற்ற வணிக மண்டலமும் வந்த இடம் அது. கேம்பில் தங்கும் தொழிலாளிக்கு வீடு, தெரு, கடைவீதி எல்லாம் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். கம்பெனி பஸ் மாலையில் இறக்கிவிட்டால் எதிரே நிற்பது குரோசரிதான். வெங்காயம், சோப்பு, போன் ரீசார்ஜ், கல்லாவுக்குப் பின்னால் சிகரெட். கடைகளின் அடர்த்தியைக் கணக்கிட்டால் இங்கே எண்ணிக்கை குறைவாகவே வரும். ஆனால் இருக்கும் அந்த ஒரு கடையைத் தாண்டாமல் யாரும் அறைக்குப் போக முடியாது. எண்ணிக்கையைவிடக் கடை நிற்கும் இடமே இங்கே முக்கியம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஊர்ப் பெட்டிக்கடையில் டீயோடு ஒரு சிகரெட்டை உதிரியாக வாங்கி, தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்தவர், இங்கே பொதுவாக இருபது கொண்ட பெட்டியாக வாங்குகிறார். அடுத்த சிகரெட்டுக்குக் கடைவரை போகவேண்டியதில்லை. அது சட்டைப்பையிலேயே இருக்கிறது. கடைத் தூரத்தை மட்டும் அளக்கும் ஆய்வு இதைத் தவறவிடும்.

சட்டத்தின் பார்வையும் வேறு பக்கம். இந்தியாவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்பனையைத் தடுக்கிறது. அமீரகத்தின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைத் தடுக்கிறது. சிறுவர்களைக் காக்க இவை நல்ல வேலிகள்தான். வளர்ந்த ஆண்கள் மட்டுமே வாழும் கேம்பில் இவற்றுக்கு அதிக வேலை இல்லை.

அங்கே வேலை செய்தது விலை. அமீரகத்தில் 2017 அக்டோபர் 1 முதல் சிகரெட்டுக்கு நூறு சதவீதக் கலால் வரி. பெட்டி விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. 2019 இறுதியில் ஒரு சிகரெட்டுக்குக் குறைந்தபட்சம் 40 ஃபில்ஸ், அதாவது பெட்டிக்கு 8 திர்ஹம் என்று வரி கணக்கிடும் விலைக்குத் தரை போடப்பட்டது. அந்தத் தரை மிகத் தாழ்வு என்பது இக்கட்டுரையின் கருத்து. வரி உயர்ந்ததும் மலிவான பிராண்டுக்கு மாறுவதே மாதச் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்புபவர் செய்யக்கூடிய முதல் காரியம்.

விலைக்கு வெளியேயும் வழி உண்டு. இலங்கையில் 2019-இல் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் வணிகர்களே சிகரெட் விற்பதை நிறுத்தினர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பேசிப் பேசி நடத்திய காரியம் அது. யாழ்ப்பாண மாவட்டம் முன்னிலையில் நின்றது. கேம்ப் வாசல் குரோசரி முதலாளிகளிடமும் நிறுவனங்களிடமும் அதே பேச்சைத் தொடங்கலாம். வளைகுடாத் தமிழ் அமைப்புகள் இரத்ததான முகாமோடு இதையும் கையில் எடுக்கட்டும்.