நடத்திச் செல்லும் புள்ளிகள்

பிரெஞ்சுப் புத்தகங்களில் பொருளடக்கம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்புவோம். இடது ஓரத்தில் பாடத்தின் பெயர், வலது ஓரத்தில் பக்க எண். இரண்டுக்கும் நடுவே எறும்பு வரிசை போலப் புள்ளிகள். அவற்றுக்குப் பெயர் 'புவேன் த கொந்துயித்' என்று வாத்தியார் சொன்னார். எங்கள் மதிப்பெண் அட்டையிலும் 'கொந்துயித்' என்று ஒரு வரி உண்டு. அது நன்னடத்தைக்கான மதிப்பெண். அதனால் ஒழுங்காக நடந்துகொள்ளும் புள்ளிகள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். கண்ணை வழிநடத்திச் செல்லும் புள்ளிகள் என்பதுதான் பொருள் என்று உத்தியோகத்துக்கு வந்த பிறகே உறைத்தது.

இந்தப் புள்ளிகள் அச்சுக்கூடத்துச் சரக்கு. ஈய எழுத்துக் காலத்தில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, அதற்கு மேலும் உள்ள துண்டுகளைத் தனியாக வார்த்து வைத்திருப்பார்கள். அச்சுக் கோப்பவர் பெயரைக் கோத்து, எண்ணையும் கோத்து, நடுவில் உள்ள இடைவெளியை அந்தத் துண்டுகளால் நிரப்புவார். பிரெஞ்சுக்காரர் காலத்து வரவு செலவுப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கம் முழுக்கப் புள்ளிகள்தான். எந்தத் தொகை எந்த இனத்துக்கு என்று தடுமாறவே முடியாது.

1874-இல் தட்டச்சு இயந்திரம் கடைக்கு வந்தது. அதில் கடிதம் அடிப்பது எளிது. கணக்குப் பட்டியல் அடிப்பதுதான் பாடு. ஒவ்வொரு வரியிலும் இடைவெளிக் கட்டையை இருபது முப்பது முறை தட்டி எண்ண வேண்டும். ஒன்று தவறினால் பத்தி கோணிவிடும். அதற்காகத்தான் அந்த நூற்றாண்டின் கடைசியில் டேபுலேட்டர் வந்தது. 'தபுலா' என்றால் லத்தீனில் பலகை. அட்டவணைக்கும் அதுவே பெயராயிற்று. இயந்திரத்தின் பின்புறம் ஒரு சட்டம், அதில் வேண்டிய இடத்தில் நிறுத்தும் பற்கள். டேப் விசையை அழுத்தினால் கேரேஜ் பிடி விடுபட்டு, சுருள்வில்லின் இழுப்பில் 'சர்ர்' என்று ஓடி, பல்லில் மோதி 'டக்'கென்று நிற்கும். சில பெரிய இயந்திரங்களில் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று இலக்கத்துக்கு ஒரு விசையும் உண்டு.

எங்கள் பிரிவில் அந்த வசதி இல்லை. மூன்று இலக்கத்துக்கு நிறுத்தம் வைத்துக்கொண்டு, இரண்டு இலக்கத் தொகை வந்தால் ஒரு தட்டு கூடத் தட்டிக்கொள்வோம். இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று ஆங்கில விசைப்பலகை. மற்றொன்று பழைய பிரெஞ்சுப் பலகை. அதில் எண்ணுக்கும் ஷிஃப்ட், முற்றுப்புள்ளிக்கும் ஷிஃப்ட். புள்ளி வரிசை அடித்து முடிப்பதற்குள் சுண்டுவிரல் வலிக்கும்.

புள்ளி அடிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு புள்ளி. முதல் வரியில் புள்ளி விழும்போது ஸ்கேலில் ஒற்றைப்படை எண் இருந்தால், அடுத்தடுத்த வரிகளிலும் ஒற்றைப்படையில்தான் விழ வேண்டும். பெயர் நீளமோ குட்டையோ, அப்போதுதான் புள்ளிகள் மேலிருந்து கீழாக ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதெல்லாம் வெறும் அலங்காரம் என்று நினைத்தேன். 1970-களின் தொடக்கம். மாதாந்திர உதவித்தொகைப் பட்டியல் ஒன்றை அவசரமாக அடித்தபோது புள்ளிகளை விட்டுவிட்டேன். அகலமான தாள், இடது ஓரத்தில் பெயர், வலது ஓரத்தில் தொகை, நடுவே வெறும் வெள்ளை. அதைப் பார்த்துப் பணம் கொடுத்தவரின் கண் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. ஒரு வயதான அம்மாவுக்கு அடுத்த வரிக்காரரின் குறைந்த தொகை போயிற்று. அடுத்த இரண்டு மாதமும் முந்தைய மாதத்தைப் பார்த்தே கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு வாங்கிப் போனார்.

நான்காம் மாதம் அவரே வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. எங்கள் பிரிவுத் தலைவரை எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைத் திட்டவில்லை. பட்டியலை எடுத்து, பேனாவால் ஒவ்வொரு பெயரிலிருந்தும் அதன் தொகைவரை புள்ளி வைத்தார். கடைசி வரிவரை வைத்துவிட்டு, "இதுக்கு எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. இது இல்லாம அந்தம்மாவுக்கு மூணு மாசம் போச்சு" என்றார்.

நிலுவைத் தொகையைக் கொடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எனக்குச் சேர வேண்டியதுதானே தம்பி? யாரோடதும் இல்லையே?" என்று கேட்டார். "உங்களோடதுதாம்மா" என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை புள்ளியில்லாத பட்டியல் எதையும் நான் மேசையை விட்டு அனுப்பியதில்லை.

கணினி வந்தபோது டேப் விசையும் கூடவே வந்தது. 1963-இல் வெளியான ஆஸ்கி குறியீட்டிலேயே அதற்கு 9 என்று ஓர் எண் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வேறொரு தொல்லை வந்தது. தட்டச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகல நகர்வு. கணினி எழுத்துருவில் ஒவ்வொன்றும் ஓர் அகலம். புதிதாக வந்த பிள்ளைகள் முற்றுப்புள்ளியைத் தட்டித் தட்டி வரிசை செய்வார்கள். எழுத்துருவை மாற்றியதும் எல்லாம் ஆடிப்போகும். மறுபடி முதலிலிருந்து தட்டுவார்கள்.

வழி அதற்குள்ளேயே இருக்கிறது. வேர்டு மென்பொருளில் டேப்ஸ் பெட்டியைத் திறந்து, வலது ஓரத்துக்கான அளவைக் கொடுத்து, 'ரைட்' என்பதையும் லீடரில் புள்ளி வரிசையையும் தேர்ந்தெடுத்தால் போதும். பெயரை அடித்து டேப்பை ஒரு முறை அழுத்தினால் புள்ளிகள் தாமாக ஓடிப் போய் நிற்கும். தொகைகள் வலது ஓரத்தில் நேராக உட்காரும். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்க்க வேண்டியதில்லை.

இப்போது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கணக்கை நான்தான் அடித்துக் கொடுக்கிறேன். புள்ளிகள் எதற்கு, பார்க்கப் பழைய பாணியாக இருக்கிறதே என்று செயலாளர் கேட்டார். மேலே உள்ள கதையைச் சொன்னேன். பிறகு அவர் கேட்கவில்லை. உங்களில் தட்டச்சில் பட்டியல் அடித்தவர்கள் இருந்தால், நீங்கள் ஒற்றைப்படைக்காரரா இரட்டைப்படைக்காரரா என்று எனக்குச் சொல்லுங்கள்.