ஆங்கிலம் படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லையா? காரணம் 'ஷ்வா' ஒலி!

ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்தால் புரிகிறது. அதையே ஒருவர் வேகமாகப் பேசினால் பாதி வார்த்தை காணாமல் போகிறது. 'முழுங்கி முழுங்கிப் பேசுறாங்க' என்று பலரும் சொல்வதுண்டு. உண்மைதான். அவர்கள் முழுங்குவது அழுத்தம் இல்லாத உயிரொலிகளை.

ஷ்வா என்றால் என்ன?

ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை மட்டும் மற்றவற்றைவிட அழுத்தமாக, நீளமாக ஒலிக்கும். மற்ற அசைகளின் உயிரொலி பெரும்பாலும் சுருங்கி, 'அ'வுக்கு நெருக்கமான மங்கலான ஒலியாகிவிடும். நாக்கும் உதடும் தளர்ந்திருக்கும்போது வரும் இந்த ஒலிதான் 'ஷ்வா'. பேச்சு ஆங்கிலத்தில் அதிகம் வரும் உயிரொலி இதுவே.

'பனானா' என்ற சொல்லில் 'ஏ' எழுத்து 3 முறை வருகிறது. நடுவில் உள்ளது மட்டுமே முழுதாக ஒலிக்கும். மற்ற இரண்டும் ஷ்வா. 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசைக்கு அழுத்தம். 'போட்டோகிராஃபி' என்றால் அழுத்தம் இரண்டாம் அசைக்கு மாறி, 'ஃபடாக்ரஃபி' போலக் கேட்கும்.

தமிழருக்குப் புதிதா?

இல்லை. 'டாக்டோர்', 'லெமோன்' என்று எழுத்துக்கூட்டி யாரும் சொல்வதில்லை. டாக்டர், லெமன் என்கிறோம். 'காசு', 'பாட்டு' சொற்களின் இறுதி உகரம் அரை மாத்திரையாகக் குறைவதை நம் இலக்கணம் குற்றியலுகரம் என்கிறது. தமிழில் குறுகினாலும் அது உகரம்தான். ஆங்கிலத்திலோ 5 உயிரெழுத்துகளில் எதுவும் ஷ்வாவாக மாறலாம்.

அர்த்தமே மாறும் இடம்

'ஐ கேன் கம்' என்பதில் 'கேன்' பொதுவாக 'கன்' என்று சுருங்கும். 'முடியாது' என்ற பொருள் தரும் 'கேன்ட்' சுருங்காது. ஆனால் கடைசி 'ட்' பல நேரம் காதில் விழாது. எனவே போன் இன்டர்வியூவில் 'கேன்' என அழுத்திச் சொன்னால், அமெரிக்கருக்கு 'வர முடியாது' என்று கேட்கக்கூடும்.

அப்படியே பேசியாக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது, சொற்களை இப்படிச் சுருக்குவது அவசியமில்லை என்று மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் வெளியான நூலில் வாதிட்டார். வாக்கியத்தின் முக்கியச் சொல்லுக்கு அழுத்தம் தருவதுதான் அவசியம் என்றார்.

ஆனால் காதுக்கு இந்தப் பழக்கம் தேவை. 'கப் ஆஃப் டீ' என்பது 'கப்ப டீ' என்றுதான் வரும்.

எப்படிப் பழகுவது?

* அகராதியில் அழுத்தக் குறியைப் பாருங்கள். எந்த அசைக்கு முன்னால் சிறு நேர்கோடு இருக்கிறதோ, அதை அழுத்துங்கள்.
* தலைகீழாகத் திருப்பிய 'ஈ' எழுத்து இருந்தால் அது ஷ்வா. அங்கே வாயைத் தளர்த்திவிடுங்கள்.
* ஒரு நிமிட ஆடியோவை எழுத்து வடிவத்துடன் சேர்த்துக் கேளுங்கள். சுருங்கிய ஒலிகளைக் குறித்துக்கொண்டு, எழுத்தைப் பார்க்காமல் மறுபடி கேளுங்கள்.